தாதியின் அரசியலை எதைக்கொண்டு அளப்பது?

முகத்துவாரத்துத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், சீனி வருத்தம் முற்றி, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் ஒரு கிழமை படுத்திருந்துவிட்டு, இன்று துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. பையில் நாலைந்து மருந்து உறைகள்; எந்த வேளைக்கு எத்தனை என்பது அவற்றில் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூதாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். பக்கத்தில் நிற்கும் தாதிக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. உறையில் இருப்பதை வாயால் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். பேனாவை எடுத்து ஓர் உறையில் சூரியனையும் இன்னோர் உறையில் பிறையையும் வரைந்து, மூதாட்டி தலையாட்டும்வரை விளக்கலாம். அப்படி வரைந்து கொடுத்த பிறகு, அன்று மாலையே மேற்றனிடம் போய் உறைகளைத் தமிழிலும் அச்சிடுங்கள் என்று கேட்கலாம்; பதில் இல்லாவிட்டால் அதையே எழுத்தில் கேட்கலாம். முதலாவதைக் கடமை என்போம், இரண்டாவதைக் கருணை என்போம். மூன்றாவதுக்கு அரசியல் என்று பெயர் வைத்து, அது தாதிக்கு உரியதல்ல என்று ஒதுக்கிவிடுகிறோம். மூன்றாவதும் கருணையின் பகுதிதான், அது இல்லாத கருணை பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த மூன்றாவது செயலை அளக்கவும் முடியும். ஆனால் இன்று புழக்கத்தில் இருக்கும் அளவுகோல்கள் வேறெதையோ அளந்துகொண்டிருக்கின்றன.

தாதியரின் அரசியல் திறனை அளக்கும் முயற்சிக்கு நாற்பது ஆண்டு வயதாகிறது. 1980களில் அமெரிக்காவில் உருவான ஒரு வினாத்தாளில் 40 கூற்றுகள். வாக்காளராகப் பதிந்திருக்கிறேன், என் பகுதிப் பிரதிநிதியின் பெயர் தெரியும் என்ற வகையில் அவை போகும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறியிட்டு, கூட்டுத்தொகையைப் பார்த்து ஒருவருக்கு அரசியல் விழிப்பு எந்த அளவுக்கு உண்டு என்று வகுப்பார்கள். 1996இல் தாதியர் கல்வியாளர் சிலர் இத்தொழிலின் அரசியல் வளர்ச்சியை நான்கு படிகளாக வகுத்தார்கள். அரசியல் முக்கியம் என்று உணர்வது முதற்படி. தன் தொழிலின் நலனுக்காகப் பேசுவது இரண்டாவது. கொள்கையின் நுட்பம் அறிந்து பங்கெடுப்பது மூன்றாவது. எல்லாருடைய நலனுக்கும் தலைமை தாங்குவது நான்காவது. அலுவலக உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட இன்னோர் அளவுகோலில் 18 கூற்றுகள். அது நான்கு கூறுகளைப் பார்க்கிறது: பிறர் மனத்தைக் கணிக்கும் கூர்மை, இணங்கவைக்கும் ஆற்றல், தொடர்புகளைக் கட்டும் ஆற்றல், நேர்மையானவராகத் தோன்றும் ஆற்றல். இந்த முயற்சிகளை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வைத்தியர் சொல்வதைச் செய்வதே தாதியின் வேலை என்று பலரும் நம்பிய காலத்தில், அரசியலும் உங்கள் தொழிலில் ஒரு பகுதி என்று தாதியருக்குச் சொன்னவற்றில் இவை போன்ற தாள்களும் உண்டு.

ஆனாலும் கடைசியாகச் சொன்ன ஆற்றலை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். நேர்மையானவராக இருப்பது வேறு, நேர்மையானவராகத் தோன்றுவது வேறு. அலுவலகத்தில் பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கும் என்று கணிக்க இரண்டாவது போதும். அந்தத் தேவைக்கு அந்த அளவுகோல் நன்றாகவே உதவும். நோயாளியின் தலைமாட்டில் நிற்பவருக்கு அதே அளவுகோலைப் பொருத்தினால், அறத்தை அளக்க வந்த நாம் சாமர்த்தியத்தை அளந்துவிட்டுத் திரும்புவோம். 40 கூற்று வினாத்தாளின் குறை இன்னொரு வகையானது. 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் மாண்ட படைவீரர்களின் கணக்கை வட்ட வரைபடமாக வெளியிட்டார். காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் புரியும்படி அதில் காட்டினார். பிரித்தானியப் படையின் சுகாதார ஏற்பாடுகள் மாறியதில் அந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர் 1910இல் இறந்தார். பிரித்தானியப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1918இல், அதுவும் முப்பது வயதைக் கடந்தவர்கள் மட்டும். வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் இல்லை என்றே எழுதியிருப்பார். இலங்கைத் தாதியரோ 1931 முதல் சர்வசன வாக்குரிமை உள்ள நாட்டின் பிள்ளைகள். அந்தக் கேள்வியில் எல்லாருக்கும் முழுப் புள்ளி. அந்தப் புள்ளியால் ஒரு மருந்து உறையிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நைட்டிங்கேல் செய்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் தாதியருக்குப் புள்ளி போட்டு அதை மாற்றவில்லை. சாவுகளை எண்ணி மாற்றினார். எண்ணிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

நம் மரபுக்கு அளப்பது புதிதல்ல. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, வைத்தியர், மருந்து என்ற மூன்றோடு நின்றுவிடாமல், நோயாளியின் அருகே இருந்து பணி செய்பவரையும் நான்காவது கூறாக எண்ணி முடிகிறது. உழைச்செல்வான் என்ற அந்தச் சொல்லில் உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். பக்கத்தில் இருப்பதே அவருடைய அடையாளம். அதே நூலின் தெரிந்துதெளிதல் அதிகாரம், அரசன் ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு இடங்களில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்த செயலே உரைகல் என்றும் சொல்கிறது. இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு முறை கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவரை, ஆசை காட்டும் இடத்திலும் அச்சம் காட்டும் இடத்திலும் அவர் என்ன செய்தார் என்று பார்த்து அளக்க வேண்டும். ஒரு தாதி தாளில் எத்தனை ஆம் போட்டார் என்பதைவிட, இடமாற்றம் வரும் என்ற பயம் இருக்கும்போது வாய் திறந்தாரா என்பது அவருடைய அரசியல் திறனைப் பற்றி அதிகம் சொல்லும்.

இந்த நாட்டில் பெரும்பான்மையோர் போற்றும் பௌத்த மரபில், இதைவிட நேரடியான ஒரு சாட்சியம் இருக்கிறது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சி அது. வயிற்றோட்டம் கண்ட பிக்கு ஒருவர் தன் மலத்திலும் சலத்திலும் புரண்டு கிடக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. ஏன் என்று புத்தர் கேட்டபோது, தான் மற்றப் பிக்குகளுக்கு எந்த உதவியும் செய்யாததால் அவர்களும் தன்னைப் பார்க்கவில்லை என்கிறார் அந்த நோயாளி. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, தாமே ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பொதுவாகப் பிரசங்கங்களில் கதை இங்கே முடிந்துவிடும். மூலத்தில் முடியவில்லை. புத்தர் சங்கத்தைக் கூட்டுகிறார். என்ன நடந்தது என்று விசாரிக்கிறார். தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார். நோயுற்ற பிக்குவை இன்னின்னார் பார்க்க வேண்டும், அப்படி யாரும் இல்லாவிட்டால் சங்கமே பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் குற்றம் என்று விதி செய்கிறார். கழுவிய கை அந்த ஒரு பிக்குவைக் காப்பாற்றியது. விதியோ இனி விழப்போகும் ஒவ்வொரு பிக்குவுக்கும் ஒரு கையைத் தேடி வைத்தது. முதலாவதைக் கருணை என்றும் இரண்டாவதை வெறும் நிர்வாகம் என்றும் பிரிக்க அந்த நிகழ்ச்சி இடம் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே மனத்திலிருந்து வந்தவை.

அதே இடத்தில் நல்ல பணிவிடையாளருக்கு ஐந்து தகுதிகளும் சொல்லப்படுகின்றன. மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிய வேண்டும். நோயாளிக்கு ஒத்ததும் ஒவ்வாததும் தெரிய வேண்டும். இலாபத்துக்காக அன்றி அன்பால் செய்ய வேண்டும். மலம், சலம், சளி, வாந்தி கண்டு அருவருக்கக் கூடாது. தக்க வேளையில் நல்வார்த்தை சொல்லித் தேற்றத் தெரிய வேண்டும். இதுவும் ஓர் அளவுகோல்தான். ஐந்து கூற்றுகள் கொண்ட அளவுகோல். ஆனால் ஐந்தும் நோயாளியின் படுக்கையிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. தாதி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. ஒத்ததும் ஒவ்வாததும் அறிதல் என்ற இரண்டாவது தகுதியை இன்றைய வைத்தியசாலைக்கு நீட்டிப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய உறை அந்த மூதாட்டிக்கு ஒவ்வாதது. ஒவ்வாத உணவை விலக்கத் தெரிந்த தாதிக்கு ஒவ்வாத விதியையும் விலக்கத் தெரிய வேண்டும்.

இங்கே முதல் மறுப்பு எழும். தாதிப்பணி ஒரு தொண்டு. சாதி, மதம், கட்சி பாராமல் செய்வது. அதற்குள் அரசியல் வந்தால் தொண்டு கெடும் என்பார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையில் தாதிப்பணியும் மதமும் அரசியலும் எப்போதும் ஒன்றையொன்று உரசியே வந்திருக்கின்றன. அரச வைத்தியசாலைகளில் நெடுங்காலம் பணி செய்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளை 1960களில் அரசு விலக்கியது. மதம் அங்கே ஓர் அரசியல் வழக்காகிவிட்டிருந்தது. இன்னொரு புறம், பொதுச் சேவை ஐக்கிய தாதியர் சங்கத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வந்தவர் ஒரு பௌத்தத் துறவி, நாரஹேன்பிட்டி அபயாராமய விகாரையின் முருத்தெட்டுவே ஆனந்த தேரர். 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல் தோல்விக்குப் பின் மகிந்த ராஜபக்சவின் அரசியல் கூட்டங்களுக்குக் களமாக இருந்ததும் அதே விகாரைதான். செல்வாக்கை அளக்கும் எந்தக் கோலிலும் அச்சங்கத்துக்கு உயர்ந்த புள்ளி கிடைக்கும். அந்தச் செல்வாக்கு எந்த நோயாளியின் படுக்கையை எட்டியது என்ற கேள்வி அந்தக் கோல்களில் இல்லை. ஆகவே மறுப்பில் உள்ள அச்சம் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. தாதி அரசியலை விட்டு விலகி நின்றாலும் அரசியல் விடுதிக்குள் வரும். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிகாக்கும் படையினர் புகுந்து சுட்டபோது நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். சீருடை அணிந்து நோயாளியின் பக்கத்தில் நின்றதைத் தவிர அவர்கள் வேறு பக்கம் எதையும் எடுத்திருக்கவில்லை. கட்சி பாராமல் பணி செய்வது தாதியின் அறம். நோயாளிக்குத் தீங்கு செய்வது எது என்று பாராமல் இருப்பது அந்த அறத்தின் பகுதி ஆகாது.

அப்படி அரசியல் விடுதிக்குள் வந்த, முகத்துவாரமும் கண்ட ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 2020 ஒக்டோபரில் கொழும்பு வடக்கின் முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு வந்தது. கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற வர்த்தமானி விதி அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரலில், வந்திருந்தது. புதைப்பதும் எரிப்பதும் இரண்டும் ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் விதி மாறவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தை ஒன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி நாடாக்களைக் கட்டினார்கள். எல்லா மதத்தவரும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி முடிவில் விதி தளர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விதி நடைமுறையில் இருந்த அந்தப் பத்து மாதமும் உடலுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நின்றவர்கள் தாதியர். விதியை எழுதியவர்கள் அவர்கள் அல்லர். தனியொரு தாதியால் அதை மாற்றியிருக்கவும் முடியாது. ஆனால் குடும்பம் என்ன கேட்டது, யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை நேரில் கண்டு அறிந்தவர்களும் அவர்களே. அரசியல் திறன் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால், அது இப்படிக் கண்டதை விதி எழுதும் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் திறனாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணிப்பகிஷ்கரிப்பைப் பற்றியது. 2022 பெப்ரவரியில் தாதியரும் ஏனைய சுகாதார ஊழியரும் சம்பள முரண்பாடு, பதவி உயர்வு முதலிய கோரிக்கைகளோடு வேலைநிறுத்தம் செய்தார்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. இலாபம் கருதாமல் அன்பால் செய் என்ற மரபுக்கும் சம்பளத்துக்காக வேலையை நிறுத்துவதற்கும் எப்படி ஒத்துவரும் என்று கேட்பார்கள். இலாபமும் கூலியும் ஒன்றல்ல. பிச்சைப் பாத்திரம் ஏந்திய சங்கத்துக்கு உணவும் உடையும் ஊரார் கொடுத்தார்கள். விடுதியில் இரவுக் கடமை செய்யும் தாதிக்கு வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். பொருளாதார நெருக்கடி ஆண்டுகளில் தாதியர் பலர் வெளிநாடு போனபோது அவர்கள் விட்டுச்சென்ற கடமைநேரத்தின் சுமை மிஞ்சியவர் தோளில் விழுந்தது. அந்தச் சுமையைக் கடைசியில் நோயாளியே சுமந்தார். ஆகவே நியாயமான கூலி கேட்பது நோயாளிக்கு எதிரானது என்று சொல்ல முடியாது. ஆனால் தன் தொழிலின் நலனுக்காகப் பேசுவது, முன்னே சொன்ன நான்கு படிகளில் இரண்டாவது படிதான். கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த வரியில் மருந்து உறையின் மொழியும், ஒரு தாதிக்கு எத்தனை கட்டில் என்ற கணக்கும் இருக்கின்றனவா என்று பார்த்தால், ஒரு சங்கம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வேலைநிறுத்த நாளில் எந்த விடுதிகளை நிறுத்தாமல் நடத்தினார்கள் என்பதும் அளவுதான். உயிரச்சம் உள்ள இடத்தில் வைத்துச் செய்யும் சோதனை அது.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. நோயாளிக்கு விளைந்த நன்மையை வைத்துத் தாதியை அளந்தால், அவர் கையில் இல்லாத அதிகாரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குகிறோம். மேற்றன் கேட்காவிட்டால், பணிப்பாளர் கையெழுத்திடாவிட்டால், அமைச்சு காசு ஒதுக்காவிட்டால், அவர் என்ன செய்வார்? அதோடு, இப்படி ஓர் அளவு வந்தால் பேசியவர்களைப் பழிவாங்கவும் அதையே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பகுதியும் உண்மை. அதனால்தான் அளவின் அலகு தனித் தாதியாக இருக்கக் கூடாது, விடுதியாக இருக்க வேண்டும் என்கிறேன். கேள்விகள் நான்கு போதும். இந்த மூன்று மாதத்தில், நோயாளிகளுக்குத் தீங்கான எந்த நடைமுறையை இந்த விடுதியில் கண்டார்கள்? அதை எழுத்தில் யாருக்குச் சொன்னார்கள்? பதில் வராதபோது மறுபடி எத்தனை முறை, யாரிடம் போனார்கள்? கடைசியில் என்ன மாறியது? முதல் மூன்றும் தாதியரின் கையில் இருப்பவை. அவற்றில் அவர்களை அளக்கலாம். நான்காவது மேலே இருப்பவர்களை அளக்கிறது. தாதியர் சொல்லியும் நான்காவது கேள்விக்கு எதுவும் மாறவில்லை என்ற பதில் ஒவ்வொரு முறையும் வந்தால், குறை யாரிடம் என்று அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்து, முறையிட ஓர் இடம் கொடுத்தது. அந்த இடத்தை அறிந்து, ஒரு விடுதியாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவது பிரதிநிதியின் பெயரை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய அரசியல் அறிவு.

அறத்தை எண்ணால் அளக்கலாமா என்று தத்துவம் படித்தவர்கள் இன்னும் கேட்பார்கள். அன்பை அளக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அன்பு விட்டுச்செல்லும் தடத்தை அளக்க முடியும். நல்ல சமாரியனின் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனின் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது அன்பு. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னது அன்பின் தடம். அவன் தான் இல்லாத நாளுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். முகத்துவாரத்தில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. நோயாளியைப் பார்ப்பது கடமை என்று நான்கிலும் கேட்கலாம். நோயாளியைப் பார்த்தவர் அங்கே கண்டதைப் பற்றி என்ன செய்ய வேண்டும் என்பதையும் நான்கு இடங்களும் சேர்த்துச் சொன்னால், தாதியரின் முதுகில் ஏறியிருக்கும் தனிமை கொஞ்சம் குறையும்.

அந்த மூதாட்டி அடுத்த மாதம் கிளினிக்குக்கு வருவார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மருந்து எடுத்து, உறையைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார். அதில் காலை, மதியம், இரவு என்று தமிழில் இருந்தால், ஒரு விடுதியின் அரசியல் திறன் அவருடைய கையில் இருக்கிறது. இல்லாவிட்டால், அன்றும் ஒரு தாதி பேனாவை எடுத்துச் சூரியனை வரைய வேண்டியிருக்கும். அந்தப் பேனாவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வரைந்து முடித்தவரிடம், மேற்றனுக்கு எழுதியாயிற்றா மிஸ் என்று பரிவோடு கேட்கவும் வேண்டும்.